ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம்: இறங்கிய எடை ஏன் திரும்ப ஏறுகிறது?

கேட்டவருக்கு வயது 38. உடல் பருமனுக்காக, இரைப்பையைச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஏழு வாரம் ஆகிறது. 112 கிலோவிலிருந்து 99.4 வரை இறங்கியவர், கடைசிப் பத்து நாளில் 101க்கு ஏறியிருக்கிறார். ஒரு வேளைக்கு முக்கால் இட்லிக்கு மேல் இறங்குவதில்லை என்கிறார். “இவ்வளவு பணத்தைக் கொட்டி வயித்தை வெட்டியும் ஏறுதே” என்று மாமியார் சொல்லிவிட்டார். பயந்துபோய் நான்கு நாளாக உப்புப் போட்ட மோரும் இளநீரும் மட்டும் குடிக்கிறார். அப்படியும் முள் இறங்கவில்லை. ஆபரேஷன் தோல்வியா, வயிறு விரிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

உடல் பருமன் அறுவை சிகிச்சைக் குழுவில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு இதே பயத்தோடு வருகிறவர்களை ஓயாமல் பார்க்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இன்று மதியத்திலிருந்து சாப்பிட ஆரம்பியுங்கள். மீதியை அப்புறம் பேசலாம். உங்களுக்கு ஏறியிருக்கிற ஒன்றரை கிலோ கொழுப்பாக இருக்க வழியில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 1.6 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் 12,000 கலோரிக்கு மேல் மிஞ்ச வேண்டும். பத்து நாளில் என்றால் தினமும் 1,200 கலோரி மிச்சம். நூறு கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பு, வீட்டோடு இருந்தாலும், ஒரு நாளைக்கு 1,800 கலோரி அளவுக்குச் செலவழிக்கும். ஆக நீங்கள் தினமும் 3,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நடுத்தர இட்லி ஒன்றில் 50, 60 கலோரி. ஐம்பது இட்லி, அதுவும் தினமும், பத்து நாளைக்கு. முக்கால் இட்லியில் வயிறு நிறைகிற உங்களால் இது முடியுமா?

வயிறு விரிந்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிட்டு, வாழைக்காய் மாதிரி ஒரு குறுகிய குழாயை விட்டுவைக்கிறார்கள். ஆரம்பத்தில் அதன் கொள்ளளவு 100, 150 மில்லிதான். அது தளர்வது உண்டு, ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நடக்கிற விஷயம். ஏழாவது வாரத்தில் முக்கால் இட்லியோடு நின்றுவிடுகிறது என்றால் ஸ்லீவ் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 112 கிலோவிலிருந்து ஏழு வாரத்தில் பதினொரு கிலோ குறைந்திருப்பது நல்ல வேகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருட முடிவில் மொத்த எடையில் கால் பங்கு அளவுக்குக் குறைவதுதான் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது. அந்தக் கணக்கில் நீங்கள் எங்கும் பின்தங்கவில்லை.

அப்படியானால் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். கொஞ்சம் குடலில் தங்கியிருப்பது.

நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் கொஞ்சம் மாவுச்சத்தைக் கையிருப்பாக வைத்திருக்கும். பெரியவர்களுக்கு மொத்தம் 400, 500 கிராம் அளவுக்கு. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் திரவ உணவில் இருந்திருப்பீர்கள், அப்புறம் ஆபரேஷன் முடிந்தும் வெறும் திரவம். அப்போது இந்தக் கையிருப்பு காலியாகி, அதனோடு சேர்ந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விட்டது. முதல் சில வாரங்களில் முள் தடதடவென்று இறங்கியதில் இந்தத் தண்ணீருக்கும் நல்ல பங்கு உண்டு. இப்போது குழைந்த சாதம், இட்லி என்று மென்மையான உணவுக்கு வந்திருக்கிறீர்கள். உடம்பு கையிருப்பைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்கிறது, தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. கொழுப்பு அந்தப் பக்கம் கரைந்துகொண்டேதான் இருக்கும், முள்ளில்தான் தெரியாது. மூன்றாவது வாரத்தில் பலருக்கு எடை அப்படியே நின்றுவிடுவதும், திரவத்திலிருந்து கூழுக்கும் கூழிலிருந்து திட உணவுக்கும் மாறும்போது கொஞ்சம் ஏறுவதும் இதனால்தான். (ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலேயே ஏறிவிட்டது என்று கேட்பவர்களுக்கு: அது ட்ரிப்ஸில் ஏற்றிய தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. சில நாளில் வெளியேறிவிடும்.)

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் நான் சந்தேகப்படுகிறேன். உப்பு. எடையைக் குறைக்க என்று நீங்கள் கையில் எடுத்த மோரே இப்போது எடையைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்புதான் இருக்கிறது. அதாவது நாம் சாப்பிடும் உப்பு ஒவ்வொரு 9 கிராமும், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரைக்கும், ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்கலாம். மோரில் ஒரு தம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்புப் போட்டால் ஒன்றேகால் கிராம், ஒன்றரை கிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு எட்டுத் தம்ளர் குடித்தால் பத்துப் பன்னிரண்டு கிராம். நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாக்கெட் சூப், ஊறுகாய்த் தண்ணீர், தெம்புக்காக என்று நாள் முழுக்கக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். எல்லாமே இதில் சேர்த்தி. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்து டாக்டர் சொன்னால் மட்டும் ஓ.ஆர்.எஸ். போதும்.

மோரை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குப் பெரிய காரணம் உப்பு இல்லை, புரோட்டீன். ஸ்லீவ் செய்தவருக்கு ஒரு நாளைக்கு 60லிருந்து 80 கிராம் புரோட்டீன் தேவை. நீர்மோர் ஒரு தம்ளரில் இரண்டு மூன்று கிராம் இருந்தால் அதிகம், இளநீரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எட்டுத் தம்ளர் குடித்தாலும் இருபத்தைந்து கிராமைத் தாண்டாது. மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தசையைக் கரைத்துத்தான் எடுக்கும். தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற கலோரியும் குறையும், பின்னால் எடை ஏறுவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். முடி கொட்டும், படி ஏறினால் கால் நடுங்கும். இப்படியே நீண்ட நாள் போனால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரோட்டீன் குறைந்து காலிலும் முகத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது எடை இன்னும் ஏறும், அதைப் பார்த்து இன்னும் பட்டினி கிடப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டி, முகம் வீங்கி, நடக்கத் தெம்பில்லாமல் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ஒன்றரை கிலோ ஏறியதில் ஆபத்து இல்லை. அதற்குப் பயந்து சாப்பாட்டை நிறுத்துவதில்தான் ஆபத்து.

மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், “நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது” என்று. அதுவும் முள்ளில் தெரியும். சாப்பாடு குறைவு, நார்ச்சத்து குறைவு, தண்ணீர் குறைவு, போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை. வலிக்கு டிரமடால் மாதிரி மாத்திரை போட்டிருந்தால் குடல் இன்னும் மந்தமாகும். தண்ணீரைச் சிறு சிறு மடக்காக நாள் முழுக்கக் குடித்து ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். லாக்டுலோஸ் மாதிரி சிரப் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இசப்கோலை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், போதிய தண்ணீர் குடிக்க முடியாத இந்தக் கட்டத்தில் அது உள்ளே கட்டிக்கொள்ளக்கூடும்.

மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறுவது ஆபரேஷன் செய்யாத பெண்களுக்கே உண்டு. வேகமாக எடை குறையும்போது சுழற்சியும் தாறுமாறாகும். தேதி தள்ளிப்போயிருந்தால், வயது 38 ஆச்சே, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். வருடக்கணக்கில் கரு தங்காதவர்களுக்குக்கூட எடை இறங்க ஆரம்பித்ததும் கருமுட்டை வெளியாவது சீராகிவிடலாம். நிறையப் பேர் இதை எதிர்பார்ப்பதே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு 12லிருந்து 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்று சொல்வது தாய்க்கும் குழந்தைக்கும் சத்துக் குறையக்கூடாது என்பதற்காக. அதுவரை என்ன தடுப்பு முறை என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிற எடைக் குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வாந்தி இருந்தால் ஸ்லீவ் செய்தவர்களும் மாத்திரையை நம்பியிருக்க முடியாது.

இப்போது மாத்திரைகள். பி.பி. மாத்திரையை மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. பழைய மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்றோ குளோர்தாலிடோன் என்றோ இருந்தால், அது சிறுநீரை அதிகம் போகவைக்கிற மருந்தும் சேர்ந்த மாத்திரை. ஆபரேஷன் முடிந்து தண்ணீர் குறைவாகக் குடிக்கும் காலத்தில் உடம்பு வறண்டுவிடக் கூடாதென்று அதைத்தான் முதலில் நிறுத்துவார்கள். நிறுத்தியதும் கொஞ்சம் நீர் சேரும். அதற்குப் பதிலாக ஆம்லோடிபின் கொடுத்திருந்தால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும், சாயங்காலமானால் செருப்பு இறுகும். இரண்டுமே டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழையதை எடுத்துப் போடவும் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்கு என்று வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கும், ஆபரேஷன் செய்த வயிற்றில் புண்ணும் உண்டாக்கும். பைபாஸ் செய்தவர்கள் அதைத் தொடவே கூடாது. வீசிங்குக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை பசியையும் கிளப்பிவிடும், நீரையும் கோக்கவைக்கும். அட்டையோ லேபிளோ இல்லாமல் பொட்டலத்தில் தருகிற “மூட்டுவலிப் பொடி”களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அதனால் அதையும் யோசித்துப் பாருங்கள். மனநலத்துக்கோ வலிப்புக்கோ நரம்புவலிக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு அதில் சில எடையைக் கூட்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு காலையிலேயே ஒரு கைப்பிடி மாத்திரையை மொத்தமாக விழுங்குகிற பழக்கம் நிறையப் பேருக்கு வந்துவிடுகிறது. அப்போது தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேர்வதில்லை.

புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்திருந்தாலும் முதல் ஒன்றிரண்டு வாரம் தசைகள் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும். நடையை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். சாயங்காலம் உட்கார்ந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்று, மெதுவாக நிரம்பினால் காலில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு காலிலும் ஒரே மாதிரி லேசாக இருந்து, மற்றபடி நன்றாக இருந்தால் நாளைக்கே டாக்டரிடம் போனில் சொல்லலாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறி மூச்சும் வாங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, சிறுநீர் ரொம்பக் குறைந்துவிட்டது என்றால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் உடனே பார்க்க வேண்டும். எடை எப்படியிருந்தாலும் சரி, காய்ச்சல், படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிற நாடி, வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி சேர்ந்து வந்தால் ஸ்லீவில் தையல் போட்ட இடத்தில் கசிவா என்று பார்த்தே ஆக வேண்டும். ஏழு வாரத்தில் அது அரிது, ஆனால் நடக்காத விஷயம் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது சுலபமாகத் தவறிப்போகிற இடம். ஆபரேஷன் செய்தவருக்கு நாள்கணக்கில் வாந்தி இருந்தால், அல்லது பல வாரம் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தால், பி1 என்கிற தயமின் வைட்டமின் காலியாகிவிடும். உடம்பில் அதன் இருப்பு சில வாரத்துக்கே வரும். கால் எரிச்சல், மரத்துப்போதல், நடக்கும்போது தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் இதெல்லாம் அதன் அறிகுறி. சிலருக்கு இதயம் பாதித்து கால் வீங்கி எடையும் ஏறும். இந்த நிலையில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்பது நம் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி, மூளைப் பாதிப்பு வரக்கூடும். எங்கே போனாலும் “எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்திருக்கு, முதலில் தயமின் ஊசி வேணுமா பாருங்க” என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படம் எடுத்து வைத்திருங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் கூட வருகிறவர் காட்டலாம்.

சரி, இன்றைக்கு என்ன சாப்பிடலாம்? டயட் சார்ட் உங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பார்கள், அதுவே முதன்மை. ஏழாவது வாரத்தில் மென்மையான திட உணவுக் கட்டத்தில் இருக்கிறவருக்கு நான் சொல்வது இப்படி இருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரோட்டீன். 50 கிராம் மென்மையான பனீரில் 9 கிராம். முள் எடுத்து மசித்த வேகவைத்த மீன் 60 கிராமில் 13 கிராம் கிடைக்கும். குழம்பு மீன் என்றால் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காத புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் வரும், 200 மில்லி பாலில் கலந்தால் இன்னும் 6 கிராம். இவற்றை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்தால் அறுபதை நெருங்கிவிடலாம். அசைவம் தொடாதவர்கள் துணியில் கட்டி வடித்த தயிர், டோஃபு, கெட்டியாக மசித்த பருப்பு, ஊறவைத்து அரைத்த சோயா என்று போக வேண்டியிருக்கும், பவுடரின் பங்கு கொஞ்சம் கூடும். தட்டில் முதலில் புரோட்டீன், அப்புறம் மசித்த காய், இடமிருந்தால் கடைசியில் இட்லி அல்லது சாதம். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம்.

நீங்கள் எழுதிய பழைய உணவுப் பட்டியலையும் பார்த்தேன். காலையில் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி, பதினொரு மணிக்குப் பழ ஜூஸ், மதியம் பருப்புத் தண்ணீர், சாயங்காலம் ஆட்டுக்கால் சூப். எல்லாம் சத்தானது என்று வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை, புரோட்டீன் அடியில் தங்கிய கட்டியில்தான் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் தசைக்கு உதவுகிற தரமான புரோட்டீன் குறைவு, உப்பு அதிகம். வெல்லக் கஞ்சியும் ஜூஸும் ஸ்லீவில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், பசி சீக்கிரம் திரும்பிவிடும். இன்றைக்கு அதனால் எடை ஏறவில்லை. ஆனால் இரண்டாம் வருடத்தில் எடை ஏறுகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கிறது.

எடை பார்ப்பதை வாரம் ஒரு தடவையாக்குங்கள். ஒரே கிழமை, காலையில் மலஜலம் கழித்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில், சமமான கெட்டித் தரையில். பாயின் மேலோ மேடு பள்ளமான தரையிலோ வைத்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ தப்பாகக் காட்டும். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று தடவை ஏறி நின்றால் ஒரே நாளுக்குள்ளேயே ஒரு கிலோ, இரண்டு கிலோ வித்தியாசம் தெரியும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். கூடவே தொப்புளைச் சுற்றி டேப் வைத்து இடுப்பளவு எழுதி வையுங்கள். எடை நிற்கிற வாரத்திலும் இடுப்பு ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் குறைவதைப் பார்க்கலாம். ஜாக்கெட்டின் கைப்பகுதி தளர்வதும் அதே கணக்கு.

மாமியாரைப் பற்றி. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பணம் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து பயந்த ஒருவர், முள் ஏறினால் பதறத்தான் செய்வார். முடிந்தால் அடுத்த ரிவ்யூவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அத்தை, டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க” என்று சொல்லிப் பாருங்கள். நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட மாமியார்கள்தான் வீட்டில் முட்டையை வேகவைத்து, நேரம் பார்த்து, கையில் கொடுக்கிறவர்களாக மாறுகிறார்கள். இதை நிறையக் குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களில் ஆபரேஷன் முடிந்து இரண்டு, மூன்று வருடம் ஆனவர்களும் இருப்பீர்கள். உங்கள் விஷயம் வேறு. மேலே போட்ட கணக்கை உங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பொதுவாக ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி 4,047 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள், பத்து வருடம் கழித்து அது 25 சதவீதத்தில் நின்றது. அவர்கள் யாரும் தோற்றவர்கள் இல்லை. ஆபரேஷன் செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

அதைத் தாண்டி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும். முறுக்கு, மிக்ஸர், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து வயிற்றில் இடம் பிடிக்காமல் போய்விடும். சர்க்கரை போட்ட டீ ஒன்றுக்கு 80, 100 கலோரி என்று வைத்தால் ஐந்து டீ ஒரு முழுச் சாப்பாடு. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் வருகிற சிலர், எரிச்சல் அடங்கட்டும் என்று பாலும் பிஸ்கட்டுமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எரிச்சலுக்கு வைத்தியம் பார்த்தால் எடையும் நிற்கும். மது வேகமாக ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடும், கலோரியும் சேரும். தூக்கமின்மை, மன அழுத்தம், தைராய்டு, மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, ஸ்லீவ் விரிந்திருக்கிறதா, பைபாஸில் இணைப்பு அகலமாகிவிட்டதா என்று எண்டோஸ்கோப்பியோ ஸ்கேனோ எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ஆபரேஷன் என்பது சிலருக்கு மட்டும். செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025லிருந்து எடைக் குறைப்புக்கென்றே இந்தியாவில் கிடைக்கின்றன, ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் தருகிறார்கள். ஆனால் புரோட்டீனும் வைட்டமினும் ஏற்கெனவே குறைவாக இருக்கிறவர் தானாக வாங்கிப் போட்டால், இருக்கிற பசியும் போய்ச் சத்துக் குறைவில் விழுவார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று. எடை ஏறினவர்கள் ரிவ்யூவுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். “எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது மேடம்” என்று வருடம் கழித்துச் சொல்வார்கள். அதற்குள் இரும்பு, பி12, டி எல்லாம் தரைமட்டத்துக்குப் போயிருக்கும். நாங்கள் ஏறின எடையைத் திட்டுவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நடத்தை சரியில்லை, கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துக் கூசுகிற அளவுக்கு இதில் எதுவும் இல்லை. எடை குறைந்ததும் பசி ஹார்மோனைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய இடத்துக்கு இழுப்பது உடம்பின் குணம். ஆபரேஷன் அந்த இழுப்பைத் தளர்த்துகிறது, முழுசாக அறுத்துவிடுவதில்லை.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். ரிவ்யூவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ஏழாவது வாரம், பத்து நாளில் 1.6 கிலோ ஏறியிருக்கிறது, நான்கு நாளாகத் திட உணவு இல்லை, பி.பி. மாத்திரை மாற்றியிருக்கிறது, மலச்சிக்கல் இருக்கிறது, காலை அழுத்தினால் குழி விழுகிறது அல்லது விழவில்லை, கடைசி மாதவிடாய் இந்தத் தேதி என்று இதே வரிசையில் சொல்லுங்கள். ஆல்புமின், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், டி.எஸ்.எச். (தைராய்டு), ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரில் புரோட்டீன் இவற்றை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றும் கேளுங்கள். போகும்போது இப்போது போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.